கிழிந்த ஸ்பீக்கரைச் சரி செய்தவர்கள்

மேடை ஒலி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். இப்படி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். நடந்ததெல்லாம் ஆறிப்போன பிறகு சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்கு முடி நரைக்கவில்லை, கோபமும் ஆறவில்லை. கொல்கத்தாவில் ஓர் ஒலி வாடகைக் கம்பெனியில் பல வருடம் மிக்ஸரின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். இப்போது அங்கே இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன். வயர் சுற்றுவதையும் மைக் வைப்பதையும் வேறு யாராவது உங்களுக்குக் கற்றுத் தருவார்கள்.

கம்பெனி டாலிகஞ்சில், ஸ்டுடியோக்களுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. முதலாளியை அண்ணாச்சி என்போம். திருநெல்வேலிப் பக்கம். கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் முறுக்கும் அப்பளமும் விற்க, இவர் மட்டும் ஸ்பீக்கர் வாங்கினார். ‘அண்ணாச்சி செட்டு கண்ணாடி மாதிரி’ என்று வங்காளிப் பாடகர்களே சொல்வார்கள். அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

அந்தப் பெயருக்குக் காரணம் ஒரு வழக்கம். நிகழ்ச்சிக்கு முந்தின நாளே எங்கள் வண்டி வீடு வீடாகப் போய்க் கலைஞர்களின் வாத்தியச் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டிகளை எடுத்து வரும். பட்டறையில் மிஸ்திரி-தா ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பார். மிஸ்திரி என்றால் பழுது பார்ப்பவர், தா என்றால் அண்ணன். அவரை நாங்கள் வேறு பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. தளர்ந்த கம்பியைப் பற்ற வைப்பார், தூசி தட்டுவார், கரகரக்கும் வால்யூம் திருகை மாற்றுவார். யாரும் கேட்க வேண்டாம், கூலியும் கிடையாது. கொடுத்ததைவிட நல்லதாகப் பெட்டி திரும்பி வரும். நல்ல வழக்கம்தான். அந்த நல்ல வழக்கம்தான் ஒரு பெண்ணின் கழுத்தை அறுத்தது.

அதற்கு முன் ஓர் ஆல்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிகாகோவில் பதிவானது. மின்சார ப்ளூஸ், மவுத் ஆர்கன். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் போனில் தேடி, அரை நிமிடம் கேட்டுவிட்டு, ‘தெரியும்’ என்பீர்கள். அலைந்து கண்டுபிடியுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சவுண்ட் செக் இடைவேளையில், பாஸ் கிடார் வாசிக்கும் ஒருவர் அதை எங்கள் பெரிய ஸ்பீக்கரில் போட்டார். நான் ஓடிப்போய் வயரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று நினைத்தேன்.

“வயர் நல்லாத்தான் இருக்கு. உட்காரு” என்றார் அவர்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கிடர்பூர் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். படிப்பு என்றால் தப்பைக் கண்டுபிடிப்பது என்றுதான் எனக்குப் பதிந்திருந்தது. சிவப்பு மை விழாத தாள்தான் நல்ல தாள். காதையும் அப்படியே பழக்கி வைத்திருந்தேன். இரைச்சலா, குறை. கரகரப்பா, வெட்டு. அந்த ஆல்பத்தை முழுதாகக் கேட்டபோது எதை வெட்டுவது என்றே தெரியவில்லை.

அதில் பாடும் குரல் தெளிவாக இருக்கிறது. டிரம்ஸின் ஒவ்வொரு தட்டும் தனியாகக் கேட்கிறது. மவுத் ஆர்கன் மட்டும் கிழிந்துகொண்டு வருகிறது. ‘அந்தக் காலத்துக் கருவி, அதனால் அப்படி’ என்று விளக்கம் சொல்கிறவர்கள் இந்த இடத்தில் வாயை மூட வேண்டும். குரலைத் தெளிவாகப் பதிவு செய்த மைக் அதே அறையில்தான் இருந்தது. அந்தக் கலைஞர் வேண்டுமென்றே ஒரு மலிவான மைக்கை மவுத் ஆர்கனோடு சேர்த்து உள்ளங்கைகளுக்குள் பொத்தி, சின்ன ஆம்ப் ஒன்று தாங்காத அளவுக்கு ஊதினார். அமெரிக்காவின் தெற்கே பருத்திக் காடுகளை விட்டு வேலை தேடி வடக்கே வந்த கறுப்பின மக்களின் இசை அது. குடித்துக் கூச்சல் போடும் கூட்டத்துக்கு நடுவில், சட்டைப் பையில் அடங்குகிற ஒரு வாத்தியம் காதில் விழ வேண்டும். கத்தித்தான் ஆக வேண்டும். கத்தினால் ஆம்ப் திணறும். அந்தத் திணறலையே வாசிக்கக் கற்றுக்கொண்டார்கள். மெல்ல ஊதினால் புகையாக வருகிறது. விரலைக் கொஞ்சம் திறந்தால் அழுகிறது. இறுக்கி மூடி அடிவயிற்றிலிருந்து ஊதினால் பாரம் ஏற்றிய லாரி கியர் மாற்றுவதுபோல உறுமுகிறது. எத்தனை வருடம் ஆகியும் அது பழசாகாமல் இருக்க எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். ஒரு மனிதனின் மூச்சு எந்த இடத்தில் இயந்திரத்தைத் தோற்கடிக்கிறது என்பது அதில் அப்படியே கேட்கிறது. அதைச் சுத்தப்படுத்தினால் மிஞ்சுவது பள்ளிக்கூடப் பிரார்த்தனைப் பாட்டு.

ஜூமாதிக்கு இதையெல்லாம் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஜூமா பெயர், தி என்றால் அக்கா. இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. கொல்கத்தாவில் மவுத் ஆர்கன்காரர்கள் நிறைய. பழைய சினிமாப் பாட்டுகளைத் தேனாக வாசிப்பார்கள். ஜூமாதியும் அப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தார், அந்த ஆல்பம் கையில் சிக்கும்வரை. “அதுக்கப்புறம் சொந்தக்காரங்க யாரும் கல்யாணத்துல வாசிக்கக் கூப்பிடுறதில்ல” என்று சொல்லிச் சிரிப்பார்.

அவரிடம் ஒரு சின்ன ஆம்ப் இருந்தது. கலைந்துபோன ஏதோ ஒரு குழுவிடம் வாங்கியது. உள்ளே ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஓரத்தில் கிழிந்திருந்தது. வேறு பெட்டிகளை வாங்கி, ஊதி, வெறுத்து, விற்று, கடைசியில் இந்தக் கிழிசலில்தான் அவருக்கு வேண்டிய உறுமல் கிடைத்தது. எவ்வளவு ஊதினால் கிழிசல் பேசும், எப்போது அடங்கும் என்பது அவருடைய நுரையீரலுக்கு மனப்பாடம்.

பாலிகஞ்சில் ஒரு சின்ன அரங்கம். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை அந்த ஆல்பத்தை அதே வரிசையில் வாசிக்க அவருக்கு ஒரு மாலை கிடைத்தது. நன்றாகப் போனால் மாதாமாதம் ஒரு மாலை தருவதாக அரங்கத்து மேனேஜர் சொல்லியிருந்தார். போகாவிட்டால் டிரம்மர் பெங்களூருக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார், குழு கலைந்துவிடும். இரண்டில் ஒன்று.

அன்று மதியம் சவுண்ட் செக். ஜூமாதி மைக்கைப் பொத்திப் பிடித்து ஒரு தடவை ஊதினார். நிறுத்தினார். ஆம்பின் திருகைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி ஊதினார். சத்தம் வழுவழுவென்று, சிறுவர் நிகழ்ச்சியில் வருவதுபோல வந்தது. நாங்கள் பேசியது வங்காளத்தில், தமிழில் எழுதுகிறேன். பாய் என்றால் தம்பி, தீதி என்றால் அக்கா, தாதா என்றால் அண்ணன்.

“பாய், இது என்னோட பெட்டி இல்ல.”

“உங்க பெட்டிதான் தீதி. இங்க பாருங்க, உங்க ஸ்டிக்கர்.”

“பெட்டி என்னோடது. உள்ள இருக்கிறது யாரு?”

பின்பக்கம் திறந்து பார்த்தோம். புத்தம் புது ஸ்பீக்கர் பளபளத்தது. அதற்குள் மிஸ்திரி-தா வயர்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு மேடைக்கு வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

“பாத்துட்டீங்களா? சொல்லாம வெச்சிருந்தேன். ஓரம் பூராவும் கிழிஞ்சு போயிருந்தது தீதி, எப்படித்தான் வாசிச்சீங்களோ! நேத்து உக்காந்து மாத்திட்டேன். இனிமே ஒரு கவலையும் இல்ல.”

“பழசு எங்க?”

“எது, அந்தக் கிழிஞ்சதா?”

“அந்தக் கிழிஞ்சதுதான்.”

“காலையில பழைய இரும்புக்காரன் வந்தான்…”

ஜூமாதி மேடையின் விளிம்பில் உட்கார்ந்தார். பிறகு எழுந்த சத்தத்துக்கு மைக் தேவைப்படவில்லை. “ஒரு பாடகி உங்க வீட்டுக்கு வந்தா, குரல் கம்முதுன்னு தொண்டைய மாத்தி அனுப்புவீங்களா? அவ தூங்குறப்பவா அறுப்பீங்க, முழிச்சிருக்கிறப்பவா?”

“நான் நல்லதுதானே தீதி பண்ணினேன்?” என்றார் மிஸ்திரி-தா. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் ஓர் அறை விட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

பழைய இரும்புக்காரனுக்குப் போன் போட்டேன். சரக்கைக் காலையிலேயே பெரிய வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டானாம். “ஸ்பீக்கரா? காந்தத்த ஒடச்சு எடுத்துட்டுத்தான் அனுப்பினேன். காந்தம் வேணுமா?” என்று கேட்டான்.

அப்போது அண்ணாச்சி உள்ளே வந்தார்.

“என்னல, எழவு வீடு மாதிரி நிக்கிய?”

சொன்னேன். அவர் ஜூமாதியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு என்னை ஓரமாக இழுத்தார்.

“புது ஸ்பீக்கர் போட்டுக் குடுத்துருக்கோம். பில்லா போட்டோம்? சந்தோசப்படாம என்னல சண்ட?”

“அண்ணாச்சி, அவங்களுக்கு அந்தக் கிழிசல்தான் வேணும்.”

“கிழிசலு வேணும்னா ஜீன்ஸ் கடைக்கில்லா போணும்!” அவருடைய நகைச்சுவைக்கு அவரே சிரித்தார். “ஏல, நம்ம செட்டுல கரகரன்னு கேட்டா நாளைக்கு எவன் நம்மளக் கூப்பிடுவான்? சுத்தமா வாசிக்கச் சொல்லு. சனங்களுக்கு என்ன தெரியும்?”

இந்த வேலையில் இந்த வாக்கியத்தை நீங்கள் அடிக்கடி கேட்பீர்கள். சனங்களுக்கு என்ன தெரியும். என் அப்பாவும் சனம்தான். எந்தக் கப்பல் எந்தத் தொனியில் ஊதுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். என் தலை சூடாகிவிட்டது. ஆனால் அங்கே நின்று அண்ணாச்சியோடு சண்டை போட்டால் மாலை போய்விடும். சண்டையைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம் என்று ஜூமாதியிடம் போனேன்.

கிடாரிஸ்ட் ஒரு வழி வைத்திருந்தார். “ஆப்ல இந்த எஃபெக்ட் இருக்கு தீதி. போன்லருந்து நேரா மிக்ஸருக்குக் குடுத்துரலாம்.” குடுத்தோம். உறுமல் வந்தது. அண்ணாச்சிகூட, “இது பரவால்ல, அளவா இருக்கு” என்றார். எனக்கும் ஒரு கணம் நிம்மதி வந்தது. ஜூமாதி மெல்ல ஊதினார். அதே உறுமல். பலமாக ஊதினார். அதே உறுமல். கையைத் திறந்தார், மூடினார். ஒரு மாற்றமும் இல்லை.

“நான் இங்க இருக்கேனான்னே இதுக்குத் தெரியல” என்று வயரைப் பிடுங்கினார்.

இதை மட்டும் மனதில் வையுங்கள். நெருக்கடியில் முதலில் கிடைக்கும் வழி, பதற்றத்தில் இருக்கும் எல்லோருக்கும் பிடிக்கும். வாசிக்க வேண்டிய ஆளைத் தவிர.

அரங்கத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கிளப் இருந்தது. இங்கே தெருவுக்குத் தெரு கிளப் உண்டு: கேரம் போர்டு, பூஜைக் கமிட்டி, ரத்ததான முகாம். அறிவிப்புச் செய்ய ஒரு பழைய ஆம்பும் பெட்டியும் கட்டாயம் இருக்கும். ஓடினேன். நாலு பேர் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். செயலாளர் காய் மேலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார்.

“அந்த ஆம்பா? அது கரகரங்கும் பாய். போன முகாம்ல ரத்தம் குடுங்கன்னு கூப்பிட்டேன். திட்டுறேன்னு நெனச்சு ரெண்டு பேரு திரும்பிப் போயிட்டாங்க.”

“அதுதான் தாதா வேணும்.”

“எது, திட்டா?” எல்லோரும் சிரித்தார்கள். “எடுத்துட்டுப் போ. காலையில முகாம் இருக்கு, ராத்திரியே வந்துரணும். அப்படியே உங்க மிஸ்திரிகிட்டச் சொல்லி ரிப்பேரும் பண்ணிக் குடுத்துரு.”

நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆம்ப் கிடைத்திருக்காது.

எப்படி இணைத்தோம் என்று எழுதப் போவதில்லை; அதைப் பார்த்து நீங்களும் செய்து மின்சாரத்தில் அடிபடுவீர்கள். மிஸ்திரி-தாதான் இணைத்தார். ஜூமாதி ஊதினார். முதலில் ஓர் ஊளை, பிறகு இருமல், பிறகு கையை இறுக்கியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓர் உறுமல். ஜூமாதி தலையைச் சாய்த்துக் கேட்டார். மெல்ல ஊதினார், அடங்கியது. சீண்டினார், பாய்ந்தது.

“இது என்னோடது இல்ல. ஆனா இதுக்குக் கோவம் வருது. போதும்.”

மாலையில் அரங்கம் நிரம்பியது. ஆபீஸ்காரர்கள், கல்லூரி மாணவர்கள், அந்த ஆல்பத்தை இளம் வயதிலிருந்து கேட்டுத் தேய்த்த நரைத்த தலைகள். முதல் பாட்டு தொடங்கியது. மவுத் ஆர்கன் உள்ளே வந்த இடத்தில் முன்வரிசையில் ஒருவர் நாற்காலியின் கையைப் பிடித்தார். என் ஹெட்செட்டில் அண்ணாச்சி.

“ஏல, கிழியுது. கொறைல.”

நான் குறைக்கவில்லை.

“காது கேக்கலயா? ஆளுக துட்டு குடுத்து வந்துருக்காவ. கொறச்சுத் தொலைல!”

ஹெட்செட்டைக் கழற்றி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சியே என் பின்னால் வந்து நின்றார். குனிந்து, என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, மவுத் ஆர்கனின் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரின் மேல் விரலை வைத்தார். அவருடைய மிக்ஸர், அவருடைய கம்பெனி, அவருடைய பெயர். எனக்குச் சம்பளம் தருகிறவர், என் தங்கை கல்யாணத்துக்குச் செட்டு போட்டுக் கொடுத்தவர். நான் அவர் கையின் மேல் என் கையை வைத்து அழுத்திப் பிடித்தேன்.

“எடுங்க அண்ணாச்சி.”

“என்னல?”

“எடுக்கலன்னா இந்தப் பாட்டு முடிஞ்சதும் மேடையில ஏறுவேன். அவங்க ஸ்பீக்கர கேக்காம கழத்தி எடைக்குப் போட்டோம்னு மைக்குல சொல்லுவேன். உங்க பேரோட.”

அவர் என்னைப் பார்த்தார். நான் மேடையைப் பார்த்தேன். அங்கே ஜூமாதி கண்ணை மூடிக்கொண்டு, கிளப்பின் கிழட்டு ஆம்பைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். பாட்டின் நடுவில் ஆம்ப் சட்டென்று ஊமையானது. என் விரல் தானாக ஃபேடரை ஏற்றப் பார்த்தது, ஏற்றவில்லை. ஜூமாதி மைக்கை நெஞ்சோடு தட்டி, அடிவயிற்றிலிருந்து ஓர் ஊதல். அலறிக்கொண்டு திரும்பி வந்தது. நரைத்த தலைகளில் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். அண்ணாச்சி கையை எடுத்துக்கொண்டார்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் மேனேஜர் ஓடி வந்து ஜூமாதியின் கையைக் குலுக்கினார். மாதம் ஒரு மாலை, உறுதி. டிரம்மர் பெங்களூருக்குப் போன் போட வெளியே போனார். நான் மேடைக்குப் போனேன். பாராட்டுக் கிடைக்கும் என்று எதிர்பார்த்துத்தான் போனேன், அதை மறைக்கவில்லை.

ஜூமாதி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “அடுத்த மாசம் நான் எதுல வாசிப்பேன், பாய்?”

“தீதி, இன்னிக்குப் பிரமாதமா…”

“இன்னிக்கு இதோட மல்லுக்கட்டினேன். பாதி நேரம் அது ஜெயிச்சுது, உங்க யாருக்கும் தெரியல. எனக்குத் தெரியும். என்கிட்டருந்து ஒரு பொருள எடுத்துட்டுப் போனீங்க. இன்னும் யாரும் திருப்பித் தரல.”

அவர் சொன்னது சரி. எனக்கு அவர் மேலும் ஒரு கணம் கோபம் வந்தது, அதுவும் உண்மை.

அண்ணாச்சி வாசலில் காத்திருந்தார். “சாமான ஏத்திட்டு அப்படியே வீட்டுக்குப் போயிருல. நாளைக்கு வரண்டாம்” என்றார். கத்தவில்லை. நானும் கத்தவில்லை. சாமானை ஏற்றினேன், கிளப்பின் பெட்டியை அது இருந்தபடியே, ஒரு திருகைக்கூடத் தொடாமல் திருப்பிக் கொடுத்தேன்.

உங்களில் நாளைக்கு யாராவது ஒருவர் ஒரு கலைஞரின் பெட்டியைத் திறப்பீர்கள். உள்ளே பழுதாக ஒன்று தெரியும். உங்கள் கை துடிக்கும். அந்தத் துடிப்பைத் திறமை என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கேளுங்கள். ஒரு போன் போட்டு, ‘இதை இப்படித்தான் வைத்திருக்கிறீர்களா?’ என்று கேளுங்கள். அண்ணாச்சியின் பட்டறையில் இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. நல்லது செய்கிறவர்களுக்குக் கேட்க வேண்டிய அவசியம் இருப்பதாகத் தோன்றுவதே இல்லை. அதனால்தான் எனக்குத் திருடனைவிட அவர்கள் மேல் கோபம்.

அடுத்த சனிக்கிழமை ஜூமாதியும் நானும் சாந்தினி மார்க்கெட்டுக்குப் போனோம். எலக்ட்ரிக் சாமான் கடைகள் நெருக்கியடிக்கும் இடம். மெட்ரோ வாசலில் மிஸ்திரி-தா நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. ஜூமாதியின் ஆம்பை என் கையிலிருந்து வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார். ஜூமாதி அவரோடு பேசவில்லை.

கடை கடையாகக் கிழிந்த ஸ்பீக்கர் கேட்டோம். “பைத்தியமா தாதா? போன வாரம் என்கிட்டதானே புதுசு வாங்கினீங்க?” என்று ஒரு கடைக்காரர் மிஸ்திரி-தாவைக் கிண்டல் செய்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “கிழிஞ்சது இருந்தா குடு” என்றார். கூடைகளில் குப்பையாகக் கிடந்தவற்றை எடுத்து ஒவ்வொன்றாக மாட்டினார். ஜூமாதி நடைபாதையில் நின்று ஊதுவார், தலையை ஆட்டுவார், அடுத்த கடை. வெயில் ஏறியது. ஒன்று கனைத்தது, ஒன்று கொஞ்சியது, ஒன்று செத்தே போயிருந்தது.

கடைசியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த கடையில், ஓரம் பிளந்து தொங்கிய ஒன்று கிடைத்தது. மாட்டினார். ஜூமாதி அந்த ஆல்பத்தின் முதல் பாட்டை ஆரம்பித்தார். அது உறுமியது. அவர் கையைத் திறந்தார், அது அழுதது. தெருவில் போனவர்கள் நின்றார்கள். டீக்கடைக்காரர் கெட்டிலைத் தூக்கியபடியே திரும்பினார்.

அந்த நேரத்தில் மிஸ்திரி-தா குனிந்து, தொங்கிய பிளவைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பசை டியூபை எடுத்து மூடியைத் திருகினார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் ஜூமாதி ஒரு கையால் மைக்கையும் மவுத் ஆர்கனையும் வாயோடு பிடித்துக்கொண்டு, மறு கையால் டியூபை அவரிடமிருந்து பறித்துத் தன் தோள்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

பாட்டு நிற்கவில்லை.